புகை: குறைவு

டேப் வைத்து அளந்தேன்.
பெட்டிக்குள் இருபத்தெட்டு சென்டிமீட்டர்தான் இடம்.
ஆசைப்பட்ட கார்டோ முப்பத்தொன்று,
மூன்று விசிறி, செங்கல் கனம்.
விலையைக் கேட்டதும்
கையுறைக்குள் விரல் சில்லிட்டது.

"பவர் சப்ளை எத்தனை வாட்?" என்றான் ஹிஷ்கே,
கல்லாவுக்குப் பின்னால் சூப் உறிஞ்சியபடி.
நானூற்றைம்பது என்றேன்.
"ஒட்டகத்தை வாங்கிவிடுவாய் அக்கா,
தீனி?"

அப்புறம் அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தான்.
இரண்டே விசிறி. ஏற்கெனவே உழைத்தது.
எர்தெனெத்தில் ஏதோ கிடங்கில்
இருநூறு கார்டுகளோடு அடுக்கிவைக்கப்பட்டு
ராப்பகலாய்க் காசு தோண்டியதாம்.
முகர்ந்து பார்த்தேன், கருகல் வாடை இல்லை.
விசிறியை விரலால் சுண்டினேன்:
முனகாமல் சுற்றி, தானாக நின்றது.
செயற்கைப் பல் செய்கிறவள் நான்.
மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும்
ஒரு வாய் முழுக்க என்னைத் திட்டும்.
ஒன்பது லட்சம் துக்ரிக் சொன்னான்.
ஏழரைக்கு முடிந்தது;
அவன் சூப் ஆறிக்கொண்டிருந்ததுதான் காரணம்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உலான்பாத்தர் பஸ்ஸில்
ஜன்னலின் உள்பக்கமும் பனி.
நாலு நிறுத்தத்துக்குப் பொட்டலத்தை
மடியிலிருந்து இறக்கவில்லை.

வீட்டில் நம்ஸ்ராய் வழிமறித்தார்.
விமான நிலையத்தில் வானிலை எழுதுகிறவர்,
மேகம் தவிர வேறெதற்கும் வாய் திறவாதவர்.
"பிரிக்காதே. குளிரிலிருந்து வந்த உலோகம்
கதகதப்பைக் கண்டால் வியர்க்கும்.
வியர்வையில் மின்சாரம் பாய்ந்தால்
ஏழரை லட்சத்துக்குச் சாம்பல்.
மூன்று மணி நேரம்."

மூன்று மணி நேரம்.
பழைய கார்டைக் கழற்றினேன்.
எட்டு வருஷத்துக் கரிப்புகை
தகடுகளுக்கிடையில் கம்பளம்போல் படிந்திருந்தது.
பல் துலக்கும் பிரஷ்ஷால் பெட்டியைச் சுரண்டினேன்.
ஷூ நாடாவால் கட்டியிருந்த விசிறி
கையோடு வந்துவிட்டது.
நன்றி சொல்லத் தோன்றவில்லை;
போன வாரம்கூடக் கடைசிச் சுற்றில் உறைந்துபோய்
என்னைக் காட்டிக்கொடுத்தது அது.

கம்பளிச் சாக்ஸைக் கழற்றிவிட்டு
ஹீட்டர் குழாயைத் தொட்டேன்.
நீலமாய் ஒரு பொறி கடித்தது.
பிறகு கார்டின் பொன் பற்களைத் துளையில் நிறுத்தி
இரண்டு கட்டைவிரலாலும் சமமாய் அழுத்தினேன்.
டக்.
எனக்குத் தெரிந்த சத்தம்.
கிரீடம் பல்லில் உட்காரும் சத்தம்.

சுவிட்ச் போட்டேன்.
விசிறி சுற்றியது, திரை கறுப்பு.
கழற்றி மாட்டினேன். கறுப்பு.
தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டு முடித்து
தெரியாததுகளுக்குப் போயிருந்தேன்.
நம்ஸ்ராய் மேசைக்குப் பின்னால் எட்டிப்பார்த்து
மேகம் சொல்லும் அதே குரலில் சொன்னார்:
"மானிட்டர் கேபிளை
மதர்போர்டில் செருகியிருக்கிறாய்."

எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தேன்.
அடடா, அந்தப் புகை!
நான் வீசிய குண்டிலிருந்து சுருள் சுருளாய் எழுந்து
தெருவிளக்கின் மஞ்சளைக் குடித்து
சுவர் முனையில் இரண்டாய்ப் பிரிந்தது.
பழைய கார்டில் அது வெறும் சாம்பல் நிற அட்டை.
வாய் பிளந்து நின்றேன். சுட்டார்கள்.
மறுபடி நின்றேன். மறுபடி.
"அக்கா, தூங்கிட்டீங்களா?"
காதுக்குள் டார்கான் பையன் கத்தினான்.

ஏழாவது சாவுக்குப் பிறகு
செட்டிங்கைத் திறந்து
புகை: குறைவு என்று மாற்றினேன்.
ஏழரை லட்சம்.
ஒளிந்திருந்தவர்களெல்லாம் பளிச்சென்று தெரிந்தார்கள்.
மூன்று பேரைச் சுட்டேன்.
பையன் விசிலடித்தான்.

நடுநிசியில் நம்ஸ்ராய் வேலைக்குக் கிளம்பினார்.
ஜன்னலில் நின்றேன்.
கரி அடுப்புகளின் புகை மூன்றாம் மாடிவரை.
விளக்கு எரிகிற இடம் தெரிந்தது, கம்பம் தெரியவில்லை.
வாசலிலிருந்து பத்தடிக்கு அவர் தொப்பி,
அதன்பின் டார்ச் வெளிச்சம்,
அதன்பின்
இருமல் மட்டும்.